அவர்கள் கோல் போட்டார்கள்

ஒரு மாணவனை ஒலிபெருக்கியில் ‘அவன்’ என்று சொல்லலாமா, கூடாதா என்கிற மாபெரும் கேள்வி, எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் ஒரு கால்பந்தாட்டத்தின் நடுவே எழுந்தது. எழுப்பியவள் என் அக்கா மகள். நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஒலிபெருக்கிக் குழாய் என்னுடையது என்பதைத் தவிர இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

பக்கத்துப் பள்ளியில் மாணவர்களே விளையாட்டு வர்ணனை பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் ஹெட்மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பந்துக்குக் காற்றடிக்கப் பம்ப் இல்லாத பள்ளியில் வர்ணனைக்கு வகுப்பு ஆரம்பமாயிற்று. வீட்டில் ஓயாமல் வாயாடுகிறவள் என்பதால் என் அக்கா மகள் முதல் ஆளாகச் சேர்ந்தாள். கடைசியில் ஒரே ஒரு மாணவருக்கு வானொலி நிலையத்தில் பயிற்சி கிடைக்கும் என்றார்கள். அந்த ஓர் இடத்துக்காக அவள் ராப்பகலாகக் கண்ணாடி முன்னால் நின்று கத்திப் பழகினாள். அக்காவுக்குக் காது போனதுதான் மிச்சம்.

முதல் ஆட்டத்தில், “ஏழாம் நம்பர் நெட்டையன் வழுக்கி விழுந்தான்” என்றாள். உண்மையிலேயே விழுந்தான். ஆனால் நெட்டையனின் அப்பா பெற்றோர் சங்கத் தலைவர். தன் பிள்ளையை வீட்டில் தானே ஒருமையில் அழைப்பதில்லை என்றும், நம்பர் சொல்லிக் கூப்பிட இது ஜெயில் இல்லை என்றும் அவர் கொதித்துப் போனார்.

உடனடியாக மரியாதைக் குழு அமைக்கப்பட்டது. குழு கூடி, பிஸ்கட் சாப்பிட்டு, ஆழ்ந்து பரிசீலித்து முடிவெடுத்தது. எண்ணைச் சொல்வது இழிவு. பட்டப்பெயர் அதைவிட இழிவு. பெரிய மனிதர்கள் விஷயத்தில் பெயரைச் சொல்வது என்றைக்குமே வழக்கமில்லை. ஆகவே இனிமேல் மைதானத்தில் உள்ள அனைவரும், எதிரணி உட்பட, ‘அவர்கள்’ என்று மட்டுமே குறிப்பிடப்படுவார்கள். யாரும் விழ மாட்டார்கள்; தரையை அடைவார்கள்.

“சார், எல்லாருமே ‘அவர்கள்’னா, கேக்கறவங்களுக்கு யாருன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் இவள்.

“மரியாதை தெரிஞ்சாப் போதும்மா. ஆள் தெரிய வேண்டியதில்ல” என்றார் ஹெட்மாஸ்டர்.

இறுதிப் போட்டிக்கு விளையாட்டு அதிகாரி வந்தார். வானொலிப் பயிற்சிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் ஹெட்மாஸ்டர் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, நான் ஒயர் இழுத்துக் கொடுத்த ஸ்பீக்கர் வழியாக ஆட்டத்தைக் கேட்டார்.

“அவர்கள் அவர்களிடம் பந்தை வழங்குகிறார்கள். குறுக்கே அவர்கள் வருகிறார்கள். அவர்களை அவர்கள் தாண்டிவிட்டார்கள். அவர்கள் தரையை அடைந்தார்கள். அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள்.”

என் அக்கா மகள் தொண்டை கிழிய வர்ணித்தாள். கோல் போட்டது நெட்டையன். அன்றைக்கு மொத்தம் மூன்று போட்டான். எதிரணி ஒன்றுகூடப் போடவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அதிகாரி வெளியே வந்து, எதிரணி கேப்டனைக் கூப்பிட்டுக் கோப்பையை நீட்டினார். அவன் நல்ல பையன். தாங்கள் தோற்றுவிட்டதாகச் சொன்னான். இந்த வயதில் இவ்வளவு தன்னடக்கமா என்று அதிகாரி அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். ரெஃபரி ஓடி வந்தார்.

“சார், மூணு கோலும் இந்தப் பள்ளிக்கூடம் போட்டது. நான் கண்ணால பார்த்தேன்.”

“நீங்க பார்த்தது உங்க சொந்தக் கருத்து. ‘அவர்கள் கோல் போட்டார்கள்’னு மூணு தடவை முறைப்படி அறிவிச்சாச்சு. ‘அவர்கள்’னா நாமளா?”

ரெஃபரி விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இலக்கணப்படி அதிகாரி சொன்னதில் பிழையே இல்லை.

என் அக்கா மகள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்தால் வானொலி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

“நெட்டையன்தான் போட்டான். மூணும் அவன்தான் போட்டான்” என்று மைக்கில் சொல்லிவிட்டாள்.

கோப்பையை எதிரணிக்கு நீட்டியபோது அசையாத கூட்டம், ‘அவன்’ என்றதும் ஆடிப்போய்விட்டது. இந்த வாய்க்கு வானொலியில் இடமில்லை என்று அதிகாரி அங்கேயே தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் அவர் நியாயவான். நெட்டையனின் அப்பாவை அழைத்து நிலைமையை விளக்கினார். ‘அவன்’ என்பதை அப்பா ஏற்றுக்கொண்டால் மூன்று கோலும் மகனுடையது, கோப்பை பள்ளிக்கு. ஏற்காவிட்டால் ‘அவர்கள்’ என்பதே நிலைக்கும், கோப்பை எதிரணிக்கு.

நெட்டையன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அப்பா, நான்தாம்ப்பா போட்டேன்.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “சும்மா இருங்க தம்பி. கோப்பை எந்தக் கடையிலயும் கிடைக்கும். மரியாதை கிடைக்குமா?”

அப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? எங்கள் பக்கம் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நெட்டையனும் அழுதான், அவன் அழுதது வேறு காரணத்துக்காக.

மைக்கை யாரும் அணைக்கவில்லை.

“அவர்கள் ஏமாந்துவிட்டார்கள்” என்று என் அக்கா மகள் கணீரென்று ஆரம்பித்தாள். “ஏமாந்ததற்கு அவர்களே எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.”

ஓர் இடத்தில்கூட மரியாதை குறையவில்லை, பெண் திருந்திவிட்டாள் என்று மகிழ்ந்து, அதிகாரி வானொலிப் பயிற்சிக்கு அவளையே அறிவித்தார். நாங்கள் கைதட்டுவதை நிறுத்தாமல், யாரைச் சொல்கிறாள் என்று கழுத்தைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்த்தோம்.