ஆடித் தேர்க் கடையில் வாங்கிய எலிமினேட்டர்

வாசலுக்குப் புதிதாக எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்காமல் உள்ளே விடக்கூடாது என்று தவசிமுத்துவின் அய்யா ஆண்டிச்சாமி சொல்வார். முப்பது வருஷம் மில் கேட்டில் வாட்ச்மேனாக நின்றவர். எங்கேயிருந்து வாரே, யாருக்காக வாரே... மூன்றாவது ஒன்று உண்டு. அது தவசிமுத்துவுக்கு மறந்துபோயிற்று. அய்யா செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டதால் இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை என்று எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் வரைக்கும் அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

தவசிமுத்துவுக்கு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் ஸ்டோரில் வேலை. ஸ்பேர் பார்ட்ஸ் அத்தனைக்கும் இங்கிலீஷ் பெயர் தெரியும். பெயர் தெரிந்தால் பொருளே தெரிந்த மாதிரி என்பது அவன் கட்சி. சிங்கப்பூரிலிருந்து மச்சினன் ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து தந்தான். முதல் நாள் வீடே அதில் பேசிப் பார்த்தது. அவன் பெண்டாட்டி சண்முகத்தாய் பாதிப் பாட்டுப் பாடி, வெட்கம் வந்து நிறுத்தினாள். தவசிமுத்து கேசட்டின் மறுபக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு நெடுநேரம் என்னவோ பேசினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பொறவு அந்தக் கேசட்டை அவன் மறந்தே போனான்.

அந்த டேப் பேட்டரிக் கட்டைகளை வேர்க்கடலை மாதிரித் தின்றது. கரண்டிலேயே ஓடவைக்க எலிமினேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டென்று தவசிமுத்து சொன்னான். எலிக்கு வைக்கிறதா என்று கேட்டாள் சண்முகத்தாய். அதன் பிறகு ஒன்று சொன்னாள்.

"டேப்புக்குப் பின்னால ஆறு வோல்ட்டுன்னு போட்டிருக்கு. பெட்டியிலயும் ஆறு போட்டிருக்கணும். பெரிய கடையில, பேர் உள்ளதாப் பாத்து வாங்குங்க."

ஸ்டோர்காரனுக்கே சாமான் வாங்கச் சொல்லித் தருகிறாளா என்று அவனுக்கு ஆத்திரம். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன், வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவில் ஒரு சாக்கு விரிப்பில் அதைக் கண்டான். கறுப்புப் பெட்டி. ஆறும் இல்லை, அஞ்சும் இல்லை, பேரே இல்லை. விற்றவன் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. எதுக்கும் சேரும் என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் சொருகியதும் பெட்டி முனகத் தொடங்கியது. உள்ளே யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவது போல. எதிர்வீட்டு ராஜூக்களின் வெள்ளை நாய் தெருவில் நின்று இவர்கள் சுவரைப் பார்த்து உறுமியது. பாடகி ஆம்பளைக் குரலில் பாடினாள். லோ வோல்ட்டேஜ் என்றான் தவசிமுத்து. டேப்பைத் தொட்டால் விரலில் கட்டெறும்பு கடித்தது. பெட்டியின் சூட்டில் உலை வைக்கலாம். இதைக் கழற்றுங்கள், வீட்டைக் கொளுத்திவிடும் என்று அவள் நாலு நாள் சொன்னாள். தான் தேடி எடுத்த சாமானைக் கழற்றினால் தன் மரியாதை என்ன ஆவது என்று நாலு நாளும் மறுத்தான்.

"மாமா இருந்தா இதைக் கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாவ."

"செத்தவரை ஏட்டி இதுக்கு இழுக்க?"

அவள் கேசட் அடுக்கைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. பகலிலேயே வீட்டுக்குள் இருட்டு. தவசிமுத்து சைக்கிளை நிறுத்திவிட்டு நனைந்தபடி உள்ளே வந்தான். அடுப்படியில் ஆள் இல்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை, வெறும் இரைச்சல். அப்புறம் மண்பானைக்குள்ளிருந்து வருவது போல் ஒரு குரல்.

"வி...ல...கி... நில்."

அய்யாவின் குரல். கேட்டில் நின்று லாரியை நிறுத்துகிற அதே குரல்.

"ஆறு... இல்லையென்றால்... சொருகாதே. சூடானால்... உடனே... கழற்று."

அய்யா உயிரோடிருந்தவரை இப்படி எழுத்துத் தமிழ் பேசியதில்லை. செத்தால் இலக்கணம் வந்துவிடும்போல. தவசிமுத்து டேப்பை நோக்கிக் கையை நீட்டினான். அய்யா என்றான்.

"ஈரக் கையால்... தொடாதே."

அவன் தன் கையைப் பார்த்தான். விரல் நுனியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மீறினால்... நாங்கள்... பொறுப்பல்ல."

நாங்கள் என்றால் அங்கே எத்தனை பேர்? கையை வேட்டியில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு ப்ளக்கைப் பிடுங்கினான். குரல் கிணற்றில் இறங்குவது போல் இறங்கி நின்றது. பெட்டியின் அடிப்பாகம் உருகி, அலமாரியில் விரித்திருந்த பேப்பர் பழுப்பாகக் கருகியிருந்தது. இன்னும் செத்த நேரம் போயிருந்தால் பிடித்திருக்கும்.

சண்முகத்தாய் கொல்லையிலிருந்து வந்தாள். அவன் திக்கித் திணறிச் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"நான் சொன்னதத்தான மாமாவும் சொல்லுதாவ," என்றாள்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினான். வளையல் கடை அங்கேயே இருந்தது. பொரிகடலைக் கடையும் இருந்தது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கக்கூட இடமில்லை. சாக்கு விரிப்பா, தேர் அன்றைக்கும் இதே நெருக்கம்தான் என்றான் வளையல்காரன். தவசிமுத்துவின் பையில் பெட்டி கனத்தது. வேகமாக நடந்து பஜாரில் பெரிய கடைக்குப் போய், பேர் போட்டு, ஆறு போட்டு, கடைக்காரர் ஓட்டிக் காட்டிய எலிமினேட்டரை வாங்கிக்கொண்டு வந்தான்.

சொருகினான். முனகல் இல்லை. சூடு இல்லை. சண்முகத்தாய் அதே கேசட்டை எடுத்துப் போட்டாள். ஒரு செருமல் கேட்டது. அடுத்து கணீரென்று, கச்சேரி மேடையில் நிற்பவன் போல, தவசிமுத்துவின் குரல். விலகி நில். ஆறு இல்லையென்றால் சொருகாதே. ஈரக் கையால் தொடாதே. மீறினால் நாங்கள் பொறுப்பல்ல. இத்துடன் டேப்போடு வந்த இங்கிலீஷ் புத்தகம் முடிந்தது. தமிழில் வாசித்தது தவசிமுத்து, ஸ்டோர்.

தவசிமுத்து டேப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"நீங்க வாசிக்கும்போதே கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். கரண்டு ஒழுங்கா வந்தா மகன், இழுத்துக்கிட்டு வந்தா அப்பன். தொண்டை ஒண்ணுதான்."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். தோற்ற மனுஷனுக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று, அய்யாவின் அந்த மூன்றாவது கேள்வி உனக்காவது ஞாபகம் இருக்கா என்று கேட்டான்.

"இல்லாம? உள்ள இருக்கவளக் கேட்டியாங்கதுதான்."

அப்படியா சொன்னார் அய்யா? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேச்சு முடிந்த பிறகும் கேசட் சுற்றிக்கொண்டேயிருந்தது. புது எலிமினேட்டரில், சரியான வேகத்தில், வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து, பானைக்குள்ளிருந்து வருவது போல், மெதுவாக ஒரு குரல்.

"ம்."

சண்முகத்தாயும் திரும்பிப் பார்த்தாள்.

இனி வீட்டுக்குள் எது வந்தாலும் அவளைக் கேட்டே வாங்குவதென்று தவசிமுத்து முடிவு செய்தான்.