உன் வீட்டுக்கு வந்த மலர்வளையம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு முழங்கால் நீங்கலாக யாவும் நலம். நீ உயிரோடும் சுகத்தோடும் இருப்பதாக உன் சம்சாரம் போனில் சொன்னாள், சந்தோஷம். செவ்வாய்க்கிழமை உன் பெயருக்கு வந்த மலர்வளையத்தை நீயே கையெழுத்துப் போட்டு வாங்கினாயாம். அதற்குக் காரணம் நான்தான். அதை விளக்கவே இக்கடிதம். நாலு வருஷம் கழித்துப் பேச்சைத் தொடங்குவதற்காக அல்ல.

என் மகளுக்கு வாய்த்த மாமியாருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. சம்பந்தியம்மாவிடம் எத்தனை நாள் சிரித்தே சமாளிப்பது என்று ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே இறந்த காலமே ரெண்டு இருக்கு. ஒரு தரம் நடந்து முடிஞ்சுபோனதுக்கு ஒண்ணு, வழக்கமா நடந்துகிட்டே இருந்ததுக்கு இன்னொண்ணு. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி எதுன்னு முடிவு பண்ணணும். இப்படி முடிவு பண்ணிப் பண்ணி அலுத்துத்தானே ரிட்டயர் ஆனேன். குடும்பத்தைப் பத்தி எழுதச் சொன்னாங்க. எனக்கு ஒரு தம்பி இருந்தான், லிஃப்ட் ரிப்பேர் பார்த்தான், ஞாயித்துக்கிழமைன்னா ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம், நல்லவன்னு எழுதினேன். எல்லாத்தையும் முடிஞ்சுபோன காலத்துல போட்டேன். நம்ம சண்டையை மட்டும் நடந்துகிட்டே இருந்த காலத்துல போட்டேன். டீச்சர் திருத்தற வரைக்கும் பொறுக்காம, பீத்திக்கிறதுக்காக, எல்லார் விலாசத்தோடயும் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பித் தொலைச்சேன். அவங்க படிச்சிட்டு ஒரு பாட்டம் அழுதுட்டு, பூக்கடைக்குச் சொல்லிட்டாங்க.

டீச்சர் நோட்டைப் பார்த்துட்டு, "உங்க தம்பி எப்ப தவறினாரு?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு தெரு தள்ளி இருக்கான்"னேன்.

"சண்டை எத்தனை வருஷம் நடந்துச்சு?"

"ஒரு சாயங்காலம்."

அவங்க சிவப்புப் பேனாவால ரெண்டு காலத்தையும் இடம் மாத்திப் போட்டாங்க. எனக்கு முகத்தை எங்கே வெச்சுக்கிறதுன்னு தெரியலை. எங்க லிஃப்ட்டை நீ சரிபண்ணி முடிச்சதும், நீ பக்கத்துல நிக்கும்போதே வேற மெக்கானிக்கைக் கூப்பிட்டு சரிபார்க்கச் சொன்னேனே, அந்தச் சாயங்காலம். நீ ஸ்பேனரைத் துடைச்சுப் பையில போட்டுகிட்டுப் போயிட்டே. அந்த ஆளு பார்த்துட்டு, "வேலை சுத்தமா இருக்கு சார்"னான். அதை உன்கிட்ட இந்த நாலு வருஷமா நான் சொல்லலை. தப்பு என்னுதுதான்டா.

பதில் எழுத வேண்டியதில்லை. நேரில் வரும் உத்தேசம் எனக்கும் இல்லை. நீ இருப்பது ஐந்தாம் மாடி, என் முழங்கால் இரண்டாம் மாடியோடு சரி. மலர்வளையத்தை யார் கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்து. உன் சம்சாரத்தை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. சம்பந்தியம்மா அழுத அழுகைக்காவது நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: தபால்ல போட மனசு வரலை, நேர்லயே வந்துட்டேன். நீ பார்த்துக்கிற லிஃப்ட்டுதானேன்னு நம்பி ஏறினேன். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோச்சு. இதைக் கம்பிக் கதவு வழியா வாட்ச்மேன் கையில கொடுத்தனுப்பறேன். வேற மெக்கானிக்கைக் கூப்பிடவான்னு அவர் கேட்டாரு. வேண்டாம், என் தம்பி வருவான்னு சொல்லிட்டேன்.