லைசென்ஸ் வாங்காத விமானி

யாரிடமும் லைசென்ஸ் கேட்டு நிற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ரிடையர் ஆன கையோடு ட்ரோன் வாங்கியது நான். மயிலாப்பூர் மொட்டை மாடியில் காக்காய்க்குப் போட்டியாக அதைப் பறக்கவிட்டது நான். மந்தைவெளி ஜெயராம், தன் பெண் கல்யாணத்தை வானத்திலிருந்து படம் பிடிக்கக் கூப்பிட்டதும் என்னைத்தான். நடுவில் சர்க்காருக்கு என்ன வேலை?

"குருவி லைசென்ஸ் வாங்கிண்டா பறக்கறது?" என்று நீரஜாவிடம் கேட்டேன்.

"குருவி காசு வாங்கிண்டு கல்யாணத்தைப் படம் பிடிக்கறதோ?" என்றாள் என் தர்மபத்தினி, நறுக்குகிற கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜெயராமும் அதையேதான் சொன்னார். தொழிலாகப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டுமாம். இல்லாவிட்டால் மண்டபத்தில் விடமாட்டார்களாம். நான் விடுவேனா? மறுநாளே கிண்டியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் போய் நின்றேன். அங்கிருந்த பெண் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அறுபத்தைந்துக்கு மேல் சேர்க்க முடியாது சார் என்றாள். என் நிஜ வயது அறுபத்து நாலு. வீட்டில் என் விஷமம் தாங்காமல், அப்பா இரண்டு வயசு கூட்டிச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் தள்ளியிருந்தார். அதனால் ரிடையர்மென்ட் இரண்டு வருஷம் முன்னாலேயே வந்தது. இப்போது ஆகாயமும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் என் மூளைக்கு யார் வயது வரம்பு போடுவது? சான்றிதழ் நீரஜா பேரில், ரிமோட் என் கையில். அவளைப் போய்ப் படிக்கச் சொன்னேன். அவள் மறுபேச்சில்லாமல் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒரு வாரம் அவள் வகுப்புக்குப் போனாள், நான் ரசம் வைத்தேன். சான்றிதழ் வந்தது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ரிமோட்டுக்குக் கை நீட்டினேன்.

"சர்டிபிகேட் யார் பேர்ல இருக்கோ அவாதான் ஓட்டணும்னு கிளாஸ்ல சொன்னா," என்று சொல்லிக்கொண்டே அவள் ட்ரோனைக் கிளப்பினாள். அது ஜிவ்வென்று எழும்பி, காசி யாத்திரை போகிற மாப்பிள்ளையின் குடைக்கு மேலே அழகாக வட்டமடித்தது. ஜெயராம் கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

"நான் வாங்கின ட்ரோன்டீ அது. ஒரே ஒரு நிமிஷம் குடு."

"பத்தடி தள்ளி நில்லுங்கோ. பறக்கறச்சே பைலட்டோட பேசப்படாது."

பத்தடியாம். அவள் சொன்னபடி ஆடுகிறவனா நான்? பதினைந்தடி தள்ளிப் போய் நின்றேன்.