ஏழாம் நம்பர் மேலே வரவில்லை

அன்று அந்த நீச்சல் குளத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரப் பெண்கள் ஒன்பது பேர் (தண்ணீரில் எட்டு, மாற்று ஆளாகக் கரையில் ஒன்று). கோச் சுதா மேடம். குளத்து ஓனர். பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்த அம்மாக்கள் பத்து, அப்பாக்கள் இரண்டு. என் மனைவி செல்வி. மைக் செட் வைத்திருக்கும் அவள் தம்பி ஏழுமலை. கையில் மைக்கோடு நான். மொத்தம் இருபத்தாறு. மூன்று தடவை எண்ணினேன்.

எண்ணுவது என் வியாதி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொஞ்ச நாள் வகுப்பில் என் பேரைக் கூப்பிட்டார்களாம். பிறகு பேரை அடித்துவிட்டார்களாம். எங்கே போனான் என்று ஒருவரும் தேடி வரவில்லை. அதிலிருந்து நாலு பேர் கூடுகிற இடத்தில் யாராவது குறைகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

திண்டிவனத்தில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது என் தொழில். ஆனால் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் எனக்கு உதறும். அப்படிப்பட்டவன் மகள் யாழினி போய்ச் சேர்ந்தது நீருக்கடி ஹாக்கி கிளப்பில்! ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் வட்டு குளத்தின் தரையில் கிடக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, முழம்கூட இல்லாத மட்டையால் அதைத் தள்ளி கோல் போட வேண்டும். (இதற்கு ஊரில் வேறு இடமே இல்லையா என்று நானும் கேட்டேன்.) ஐந்து பேரோடு ஆரம்பித்த கிளப் ஒன்பதாகியிருந்தது. ஓனருக்கு அது போதவில்லை. "இன்னும் பத்துப் பேராவது சேரலைன்னா ஞாயித்துக்கெழமைய வேற ஆளுக்கு வுட்டுடுவேன் மேடம்" என்று சொல்லிவிட்டார். விழுப்புரம் திண்டிவனம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குளம் அது ஒன்றுதான். அதனால்தான் இந்தக் காட்சிப் போட்டி.

"கரையில நிக்கிறவங்களுக்கு உள்ள நடக்கிறது ஒண்ணும் தெரியாதுண்ணா. நீங்க சும்மா பேசிக்கினே இருங்க" என்றார் சுதா மேடம்.

பேசினேன். கோல் எது, ஃபவுல் எது என்று எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "வெள்ளத் தொப்பி மூணு உள்ள போயாச்சு... கறுப்பு ஏழு உள்ள போயாச்சு... மூணு மேல வந்தாச்சு, ரொம்ப நன்றிம்மா..."

அம்மாக்களின் முகம் வெளுத்தது. கண்டாச்சிபுரத்திலிருந்து வந்த அம்மா ஒருத்தர் என்னோடு சேர்ந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

கறுப்பு ஏழு என் யாழினி. பத்து எண்ணினேன், வரவில்லை. இருபது எண்ணினேன், வரவில்லை. தண்ணீரில் எட்டுத் தலை சரியாகத்தான் இருந்தது. எட்டு இருக்கும்போது குறைகிறது எப்படி என்று யோசிக்கிற மூளை அந்த நேரத்தில் என்னிடம் இல்லை.

"ஏழாம் நம்பர் மேல வர்ல! எம் பொண்ணு மேல வர்ல!" என்று மைக்கில் கத்தியபடி குதித்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. ஸ்பீக்கர் "களக்" என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

உள்ளே ஒரே அமைதி. அதை இன்றும் மறக்க முடியவில்லை. மேலே யார் கத்துவதும் கேட்கவில்லை. பிறகு நாலா பக்கமிருந்தும் கைகள் வந்தன. வட்டைத் துரத்திக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் என்னைத் துரத்திப் பிடித்து, நான் நாலாவது வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் கரையில் போட்டார்கள்.

அங்கே துண்டைப் போர்த்திக்கொண்டு மல்லாட்டையை உரித்து உரித்துக் கடலை தின்றுகொண்டிருந்தாள் யாழினி.

"யப்பா, நான் அப்பவே ஏறிட்டேன். எனக்குப் பதிலா ஒம்பது எறங்கிடுச்சு. உன் பின்னாடி நின்னு கத்திக்கினு இருந்தேன், உன் மைக் சத்தத்துல உனக்குக் கேட்டாத்தானே!"

கிளப் என்னால் மூழ்கியது என்று தலையைக் குனிந்துகொண்டேன். கண்டாச்சிபுரத்து அம்மா எழுந்து வந்தார். "ஏங்க, இந்த அண்ணன் வாரா வாரம் வருவாரா?" என்றார்.

"எதுக்குங்க?" என்றார் சுதா மேடம் பயந்தபடி.

"எண்றதுக்குத்தான். இம்மாம் பெரிய ஆள ஜல்தியா தூக்கிட்டாங்க பொண்ணுங்க, அது போதும் எனக்கு. கரையில இப்டி பயப்பட்றவரு ஒருத்தரு இருந்தா நான் நிம்மதியா வூட்ல இருப்பேன்."

ஒன்பது கையெழுத்து விழுந்தது. ஓனர் பத்தாவதைக் கேட்டு நின்றார்.

"நான் சேர்றேன் மேடம்" என்றாள் செல்வி.

"உனக்கு நீச்சல் தெரியாதேடி!"

"ஒங்களுக்குத் தெரிஞ்சா குதிச்சீங்க? கத்துக்கினு வர்றேன். கொஞ்ச நேரம் யாரும் கூப்பிட முடியாத எடம் எனக்கும் ஒண்ணு வேணும்."

சற்று முன்தான் அந்த இடத்துக்குப் போய் வந்திருந்தேன்.

இப்போது கிளப்பில் முப்பத்தொரு பேர். ஞாயிறுதோறும் நான் எண்ணி முடித்த பிறகுதான் கோச் விசில் ஊதுவார். செல்வி மூழ்கினால் இப்போதும் இருபது எண்ணுவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யாழினி கையைத் தூக்கி, "ஏழு மேல வந்தாச்சு" என்பாள்.

என்னோடு தண்ணீரில் விழுந்து கெட்டுப்போன மைக்குக்கான காசை ஏழுமலையிடம் இரண்டு முறை நீட்டிவிட்டேன். "வேணாம் மாமா. வாங்கிட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு விசேஷத்துக்கு விசேஷம் இந்தக் கதைய எடுப்பேன்?" என்கிறான். ஆகவே பாக்கி அப்படியே நிற்கிறது: நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.