அடுப்படிக்கு மின்சார மணி போட்ட விவரம்

பாளையங்கோட்டை,
1912ஆம் வருஷம், ஜூலை மாதம்.

கர்த்தருக்குள் பிரியமுள்ள மைத்துனர் கிருபைராஜ் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற உபாத்தியாயர் அப்பாத்துரை எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உமது தங்கை சாலோமியும் தேக சுகத்தோடிருக்கிறோம். திசையன்விளையில் நீரும், வீட்டாரும், கருப்பட்டி வியாபாரமும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறேன். எங்கள் அடுப்படிச் சுவர் மட்டும் சுகமாயில்லை. அதைக் குறித்தே இக்கடிதம்.

வருகிற சனிக்கிழமை தன்னை அழைத்துப்போக வில்வண்டி அனுப்பும்படி உமது தங்கை உமக்கு எழுதியிருக்கிறாள் என்று அவள் வாயாலேயே அறிந்தேன். மச்சான், இதைக் கடைசிவரை வாசிக்காமல் மாட்டைப் பூட்ட வேண்டாம். அவள் உம்முடைய வீட்டில் போய் உட்கார்ந்தால் கிறிஸ்துமஸுக்கு முன் திரும்புகிறவள் அல்ல. எனக்கோ வெந்நீர் போடவும் தெரியாது. அவள் பக்கத்து நியாயம் ஏற்கெனவே உம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. என் பக்கத்தையும் கேளும்.

நான் பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில் இந்தத் தொந்தரவு இருந்ததில்லை. இப்போது நாள் முழுவதும் முன்னறையில் பத்திரிகையும் கையுமாக இருக்கிறேன். சோறானதும் என்னைக் கூப்பிட வேண்டுமே. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பது உங்கள் தாயார் வளர்த்த வளர்ப்பு. ஞானஸ்நானம் மற்றதையெல்லாம் கழுவிற்று, இதைக் கழுவவில்லை. என் பேரில் பாதி ஒட்டியிருக்கிறதென்று கலெக்டர் துரையைக்கூட ‘அந்த வெள்ளைக்காரர்’ என்றுதான் சொல்லுவாள். ஆகையால் அகப்பையால் பித்தளைப் பானையைத் தட்டுவாள். பானை நசுங்கியது போக, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டில் இலை போடச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. இதற்கு ஒரு பரிகாரம் செய்ய வேண்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளும்.

அடுப்படியில் புகை போக ஒரு துவாரம் போட்டு, உதிர்ந்த காரையைப் பூசித் தரும்படிதான் அவள் கேட்டாள். கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். சுவரைக் கொத்துவதுதான் கொத்துகிறோம், அதோடு ஒரு மின்சார மணியும் போட்டுவிடலாம் என்று சென்னையிலிருந்து ஒன்றைத் தருவித்தேன். மணி முன்னறையில் இருக்கும். மின்சாரம் ஊறும் கண்ணாடி ஜாடிகள் அதன் கீழே. அமுக்குகிற பித்தான் அடுப்படியில். சோறானதும் அவள் பித்தானை அமுக்கினால் என் தலைக்குமேல் மணி அடிக்கும், பேரும் வேண்டாம், பானையும் வேண்டாம். கூட வந்த இங்கிலீஷ் குறிப்பில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று போட்டிருந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பாளையங்கால்வாய்த் தண்ணீர் வயலுக்குப் போகிறது, பாய்கிறது, அவ்வளவுதானே? திரும்பி ஆற்றுக்கு வர இன்னொரு கால்வாயா வெட்டியிருக்கிறோம்? கம்பி விற்கிறவன் கம்பி அதிகம் செலவாக வேண்டுமென்று எழுதியிருக்கிறான் என்று தீர்மானித்து, ஒற்றைக் கம்பியைச் சுவருக்குள் புதைத்து, காரையும் பூசி, பித்தானை அமுக்கினேன். மணி வாயே திறக்கவில்லை.

தந்தி ஆபீஸில் இருக்கிற மணப்பாட்டு ரேமண்டிடம் போய், பட்டணம்வரை தந்தி ஒற்றைக் கம்பியில்தானே போகிறது என்று நியாயம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “போறதுக்குக் கம்பி அண்ணாச்சி, வாறதுக்குப் பூமி” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காசில்லாத பூமி இருக்கக் காசு கொடுத்துக் கம்பி எதற்கு? மறுபடி சுவரைக் கொத்தி, பித்தானிலிருந்து ஒரு துண்டுக் கம்பியைப் பாத்திரம் கழுவுகிற அங்கணத்து மண்ணிலும், ஜாடியிலிருந்து ஒன்றைக் கிணற்றடியிலும் புதைத்தேன். மணி அடித்தது. சாலோமியே சிரித்தாள். ஆனால் வடிகஞ்சி கொட்டி மண் ஈரமாயிருந்தால்தான் அடித்தது, காய்ந்தால் ஊமை. ஆடிக் காற்றில் மண் எவ்வளவு நேரம் ஈரமாயிருக்கும்? என்னைச் சாப்பிடக் கூப்பிடுமுன் அங்கணத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொள் என்று சொன்னேன். அவள் அதற்கு, “அந்தத் தண்ணிய உங்க தலையில ஊத்துனா மணி இல்லாமலே வந்துருவீகல்லா?” என்றாள். இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் அவள் உமக்கு எழுதியிருக்க மாட்டாள்.

பிறகு மனம் தாழ்ந்து இரண்டாவது கம்பி வாங்கினேன், மூன்றாம் முறையாகச் சுவரைக் கொத்தினேன். இதற்குள் அடுப்பு புறக்கடைக்குப் போய்விட்டது. உமது தங்கை முருங்கைமரத்தடியில் மூன்று கல் வைத்துச் சமைத்தாள், காற்று சோற்றில் மண்ணைத் தூவியது. அது என் குற்றம் அல்ல, ஆடி மாதத்தின் குற்றம். ஞாயிறன்று போதகர் சாப்பிட வந்தார். அன்று காலையில்தான் கம்பிகளை இணைத்து முடித்தேன். முடித்த நிமிஷமே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. பித்தானை அமுக்கினால் நின்றது, விரலை எடுத்தால் அடித்தது. ஒரு கம்பியைப் பிடுங்கியிருக்கலாமே என்று உமக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. ஆகவே போதகர் முன்னறையில் சாப்பிட, நான் அடுப்படிச் சுவரோரம் பித்தானை அமுக்கியபடி நின்றேன். அவர் ஸ்தோத்திர ஜெபம் செய்தபோது நான் மறதியாய் இரு கையையும் கூப்ப விரலை எடுத்துவிட்டேன். ஆமென் யார் காதிலும் விழவில்லை. சாயங்காலம் ஜாடிகள் களைத்துப்போய்த்தான் மணி அடங்கியது. அன்று ராத்திரிதான் சாலோமி உமக்குக் கடிதம் எழுதினாள்.

ஆனால் மச்சான், இப்போது எனக்கு விளங்கிவிட்டது. மின்சாரம் கால்வாய் அல்ல, அது தேர். நாலு வீதியும் சுற்றி நிலைக்குத் திரும்ப வழியிருந்தால்தான் புறப்படவே செய்யும். பித்தான் என்பது அதன் வழியிலே போடுகிற முட்டுக்கட்டை, அமுக்கினால் விலகும். நான் அந்த முட்டுக்கட்டையை வழியில் போடாமல், மணிப்பக்கம் போகாமலே தேர் திரும்பக் குறுக்குச் சந்து ஒன்று வெட்டி, அதில் போட்டிருந்தேன். நேற்று அதைச் சரிசெய்தேன். அமுக்கினால் அடிக்கிறது, விட்டால் நிற்கிறது. சுவர் பூசியாயிற்று, அடுப்பு உள்ளே வந்தாயிற்று, புகைத் துவாரமும் உண்டு. இன்று காலை காப்பிக்கு மணியடித்தே கூப்பிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அடித்தாள் என்றாலும் அடித்தாள். இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடத் தொண்டை நோக வேண்டியதில்லை. ஆகையால் வண்டி அனுப்பாமல், மணி உத்தமமான பொருள் என்று அவளுக்கு நீர் ஒரு வார்த்தை எழுத வேண்டுகிறேன். அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு நாளும் ஓடாது. அதை அவளிடம் சொல்ல வராததால் உம்மிடம் சொல்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வந்தனமும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் சொல்லும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு, உமது மைத்துனன்,
அப்பாத்துரை.

பின்குறிப்பு: மேலே மணியைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தபோதே அது அடித்திருக்கிறது. எழுதுகிற மும்முரத்தில் என் காதில் விழவில்லை. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்துவிட்டு, எனக்குத்தான் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்து, சாலோமி அடுப்படி வாசலில் நின்று, “அப்பாத்துரை, சோறு ஆறிப்போவுது” என்று கூப்பிட்டுவிட்டாள். முழுப் பேரும், மச்சான். கலியாணமான நாளிலிருந்து அவள் வாயால் கேட்டிராத பேர். பேனா கையிலிருந்து விழுந்து மை கொட்டியதுதான் மேலே நீர் காணும் கறை. இன்னொரு தடவை சொல்லு என்றேன். “எதைச் சொல்ல?” என்றாள். சோறு ஆறுகிறதை என்றேன். “வாய் தவறி வந்துட்டு” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள், வண்டியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. ஆகவே மணி உத்தமமான பொருள் என்று நீர் எழுத வேண்டாம். அதைக் கழற்றிவிட்டேன், உமது கருப்பட்டிக் கிட்டங்கிக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும். நாளை மத்தியானம் சோறு எவ்வளவு ஆறினாலும், ஒரே தடவை கூப்பிட்டால் நான் எழுந்திருக்கப் போவதில்லை.