பாறைக்கு வைத்த இருபத்தேழு விளக்கு

குன்றெலாம் கோயிலாகக் கொண்ட குமரவேள் திருவடிக்கு வணக்கம். அன்று திருக்கார்த்திகை நன்னாள். மூடத்தனத்துக்கு முகூர்த்தம் தேவையில்லை. ஆயினும் நான் பார்த்தே செய்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு. (அறியாப் பருவம்.)

நீலகிரி மலையில், அரவேணுவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சரிவில் சாய்ந்து நிற்கிறது ஒரு பெரும்பாறை. அதன் கீழே ஐந்து வீடுகள். பாறை நகருமா என்று அறிய, செலின் என்னும் ஆராய்ச்சி மாணவி அதன் வெடிப்பின் குறுக்கே கரிய சாந்தைப் பட்டையாகப் பூசியிருந்தாள். மயிரிழையினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோ குழாய்களைப் பிசினில் கலந்த சாந்து. பாறை இம்மி அசைந்தாலும் அதில் ஓடும் மின்சாரம் மாறும். எங்கள் கைப்பேசிகள் அலறும்.

"யாரும் தொடாம பாத்துக்குங்க அய்யா. இந்த மழைக்காலம் முடியறவரைக்கும் இது பொய் சொல்லாம இருந்தாத்தான் என் ஆராய்ச்சி நிக்கும்" என்று சொல்லிச் சென்றாள்.

நான் தொடவில்லை. ஆனால் ஊரைக் காக்கும் கருவிக்கு விளக்கில்லாமல் ஒரு கார்த்திகையா? அந்தியில், பட்டையின் அடியை ஒட்டி இருபத்தேழு அகல்களை வரிசையாக வைத்து ஏற்றினேன். (விரல்கூடப் படவில்லை. வாக்குத் தவறாதவன் நான்.) கண்மூடிப் பதிகம் பாடத் தொடங்கினேன். இரண்டாம் பாட்டு முடியுமுன் ஐந்து வீட்டுக் கைப்பேசிகளும் அலறின.

ஐந்து குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அங்கே மளிகைக்கடை ரங்கம்மாள் கைகூப்பிச் சொன்னார்: "அய்யா வெளக்கு வெச்சதனாலதானுங்க சாமி முன்கூட்டியே சொல்லிருச்சு."

எனக்கும் அவ்வாறே தோன்றியது. அடக்கத்தோடு தலையசைத்தேன்.

விடிந்ததும் வீட்டுக்கு வந்து அகல்களைக் கழுவி அடுக்கினேன். பிறகு செலின் வந்தாள். வெடிப்பை அளந்தாள், பாறை அணுவளவும் நகரவில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

"மலை பொய் சொல்லலீங்க அய்யா, என் சாந்துதான் சொல்லிருச்சு. சொரண்டி எடுத்துட்டு வந்துருன்னு எங்க குழுவுல சொல்லிட்டாங்க" என்று சுரண்டியைக் கையிலெடுத்தாள்.

அவளைத் தடுத்துக் கேட்டேன்: "அம்மா, சூடு பட்டால் இது மாறுமோ?"

"மாறுங்க. அதனாலதான் வெயிலே படாத எடமாப் பாத்துப் பூசினேன். இங்க சூடு எங்கிருந்துங்க வரும்?"

சுற்றிலும் ஐந்து குடும்பமும் நின்றது. ரங்கம்மாள் கையில் எனக்காக வாங்கிய மாலை. ஒரு வார்த்தையும் பேசாதிருந்தால் நான் ஞானி. அந்தப் பெண்ணின் உழைப்போ குப்பை.

"இருபத்தேழு இடத்திலிருந்து வந்ததம்மா" என்றேன்.

ரங்கம்மாள் மாலையைத் தம் கூடைக்குள் திரும்ப வைத்தார். "ஏனுங்க, பெஞ்சுல படுத்து எனக்கு இடுப்பே போச்சு. உங்க வெளக்குக்குங்களா?"

செலின் மட்டும் சுரண்டியைக் கீழே வைத்தாள். "அய்யா, நேத்து வெச்ச மாதிரியே மறுபடி வைங்க." வைத்தேன். கைப்பேசிகள் மறுபடி அலறின, அவள் சிரித்தாள்.

இப்போது பட்டையருகே சூட்டால் வரும் மாற்றத்தைக் கழித்துச் சொல்லும் சிறு கருவி ஒன்றும் இருக்கிறது. அதற்கு அவள் குழுவினர் இட்ட பெயர் 'அய்யா'. கார்த்திகைதோறும் ரங்கம்மாள் என் வாசலில் நின்று கேட்கிறார்: "வெளக்கேத்தறீங்களா? நான் பாய் எடுத்து வெச்சுக்கட்டுங்களா?"

இதைப் படிப்போர் அனைவரும் நலம் பெறுக. அவர்தம் மலைகள் அசையாதிருக்க. அவர் ஏற்றும் விளக்குகள் கருவிகளுக்கு மூன்று முழம் தள்ளி நின்று எரிக.