அருங்காட்சியகத்தில் நான் பிடித்த கை

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதே நல்லது என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. (காலைக் கிளப்பி ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் நானேதான்.)

அப்போது நான் லண்டனில் கணினி வேலையில் இருந்தேன். ஊர் வெம்பக்கோட்டை. பெண்ணின் பெயர் கோமதி. விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருப்பவரின் மகள், ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஜாதகம் பார்த்து, இரண்டு வீட்டாரும் பேசி முடித்து, "நீங்க ரெண்டு பேரும் அங்கனயே பாத்துப் பேசிக்கோங்க" என்று எங்களிடம் விட்டுவிட்டார்கள். எங்கே சந்திப்பது என்று கேட்டதற்கு, அந்த ஊரிலுள்ள கலை அருங்காட்சியகத்துக்கு வரச் சொன்னாள் கோமதி.

படித்த பெண் அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட்டால் அது பரீட்சை என்று எடுத்துக்கொள்கிற வயது எனக்கு. ரயிலில் போகும்போதே கிரேக்கம், ரோமாபுரி, எகிப்து என்று கைபேசியில் கிடைத்ததையெல்லாம் உருப்போட்டேன். உள்ளே நுழைந்ததும் மூலையில் நின்ற ஒரு பெரிய ஜாடியைக் காட்டி, "இது ரோமானியர்கள் ஒயின் ஊற்றி வைத்த ஜாடி" என்று ஆரம்பித்தேன்.

கோமதி எட்டிப் பார்த்தாள். "உள்ள குடை இருக்குங்க" என்றாள்.

மழையில் வருகிறவர்கள் குடை வைக்கிற ஜாடி அது. அதன் பிறகு நான் சிலைகளைப் பற்றி அடக்கமாக "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி வந்தேன்.

கிரேக்கச் சிலைகள் நிற்கிற கூடத்துக்கு வந்தபோது அம்மா வீடியோவில் அழைத்தாள். எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அழைப்பாள். எடுத்தேன். ஊசி விழுந்தால் கேட்கும் அந்தக் கூடத்தில் வெம்பக்கோட்டைக் குரல் கணீரென்று ஒலித்தது.

"ஏலே, பிள்ளையப் பாத்தியா? எங்க, காட்டு! என்னம்மா கோமதி, சாப்பிட்டியா? ஏலே, பின்னால நிக்கிறது யாரு? இந்தக் குளிர்ல சட்டை துணி இல்லாம நிக்கான்!"

"அம்மா, அது சிலைம்மா."

"சிலைன்னா ஒரு துண்டு கட்டிவிடக் கூடாதா?"

கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார மூதாட்டிகூடத் திரும்பிப் பார்த்தார். சிலை தெரியாதபடி கைபேசியைத் திருப்பலாம் என்று நான் பின்னால் நகர்ந்தேன். வயதானவர்கள் உட்காருவதற்காக அங்கே மடக்கு நாற்காலிகளை அடுக்கி மாட்டியிருந்தார்கள். என் முதுகு அதில் மோதியது.

டமார்! கல் தரையில் அத்தனையும் சரிந்து, கூடம் முழுக்க எதிரொலித்தது.

அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. "ஓடுங்க! செவுத்தோரமா வராதீக!" என்று தமிழில் கத்தினேன். கைக்கெட்டிய கையைப் பிடித்தேன். ஓடினேன். எகிப்துச் சவப்பெட்டிகளைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளி, வாசல் படிக்கட்டில் வந்துதான் நின்றேன்.

திரும்பிப் பார்த்தால், என் கையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் அந்த வெள்ளைக்கார மூதாட்டி.

"தம்பி, நாம் எங்கே போகிறோம்?" என்று ஆங்கிலத்தில் மிகப் பணிவாகக் கேட்டார்.

இன்னொரு கையிலிருந்த கைபேசியிலிருந்து அம்மா அலறினாள். "என்னலே சத்தம்? எந்தக் கம்பெனி?" திரையில் அம்மா முகம் தெரியவில்லை, வெறும் வானம்தான் தெரிந்தது. அவளும் தெருவுக்கு ஓடி வந்திருந்தாள். வரும் வழியில் பக்கத்து வீட்டு அத்தையையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆக்ஸ்ஃபோர்டில் நாற்காலி விழுந்ததற்கு வெம்பக்கோட்டையில் இரண்டு வீடு காலி.

பின்னாலேயே ஒரு காவலரும், மூதாட்டியின் கைத்தடியோடு கோமதியும் வந்தார்கள். நான் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மூதாட்டி கைத்தடியை வாங்கிக்கொண்டு, "என் கணவர் போன பிறகு என்னை இவ்வளவு வேகமாக யாரும் எங்கும் கூட்டிப்போனதில்லை" என்று சொல்லி, என் கன்னத்தில் தட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. "நான் கிளம்புறேங்க. உங்க வீட்டுல பிடிக்கலைன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றேன்.

கோமதி படியில் உட்கார்ந்தாள். "எதுக்கு அப்பிடி ஓடுனீக?"

சொன்னேன். எங்கள் ஊரைச் சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். நான் படித்த காலத்தில் டமார் என்று கேட்டால் அம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவாள். என்னைத் தேடி எடுக்கவெல்லாம் நிற்க மாட்டாள். வாசலில் கைக்குக் கிடைத்த பிள்ளைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு, இடிந்து விழச் சுவர் இல்லாத கண்மாய்க்கரைக்கு ஓடுவாள். சில நாள் அந்தக் கூட்டத்தில் நான் இருந்ததில்லை. என்னை வேறு யாராவது அம்மா இழுத்து வந்திருப்பாள்.

கோமதி சொன்னாள். "விருதுநகர்ல எங்களுக்குச் சத்தம் கேக்காதுங்க. ஆம்புலன்ஸ் போறதுதான் கேக்கும். கேட்டா எங்கம்மா அடுப்ப அணைச்சிட்டு ரோட்டுல வந்து நிப்பாக. யாரு எவருன்னு தெரியாது. அது போற வரைக்கும் கையெடுத்துக் கும்பிட்டு நிப்பாக."

அப்போது அவளுடைய அப்பா அழைத்தார். "என்னம்மா, மாப்ள எப்பிடி?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

கோமதி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பயந்தா ஓடுறவருதாம்ப்பா. ஆனா தனியா ஓட மாட்டாரு. எனக்குச் சம்மதம்."

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். முழுக்கதையையும் வீட்டில் சொல்லிவிட்டாள். விருதுநகரில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பெண்ணின் கையைப் பிடித்து மணவறையைச் சுற்றி வாங்க என்று புரோகிதர் சொன்னதும் அவளுடைய தாய்மாமா முதல் வரிசையிலிருந்து எழுந்து, "மாப்ள! யாரு கைன்னு நல்லாப் பாத்துப் பிடிங்க!" என்று கத்தினார். மண்டபமே அதிர்ந்தது. நாதஸ்வரக்காரர் சிரித்ததில் வாசிப்பு நடுவில் நின்றுபோனது.

இப்போதும் நாங்கள் பஜாரில் சாலையைக் கடக்க நிற்கும்போது கோமதி என் முகத்துக்கு நேரே கையை நீட்டுகிறாள்.

"பாத்துக்கோங்க, இது ஏங் கை. இப்ப ஓடுங்க."